வானவடிக்குப் போன குடிகாரத் தாய்மாமன்

புனே ஸ்டேஷனில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது படிக்கட்டை. மூன்று வருடமாக எந்த ஊருக்குப் போனாலும் என் கண் அங்கேதான் போகிறது. எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், நடுவில் நிற்க இடம் உண்டா? அடுத்துத் தேடுவது கழிப்பறை. ஊர் அழகெல்லாம் அதற்கப்புறம்தான்.

லிஃப்ட் இருந்தது. அதன் முன்னால் இரண்டு முதியவர்களும், ஒரு கர்ப்பிணிப் பெண்ணும், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவரும் நின்றார்கள். அந்த வரிசையில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. வயது நாற்பத்தெட்டு. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பி.டி. வாத்தியார். கபடியில் நான் பாடிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் ஏழு பேரும் பின்வாங்கிய காலம் ஒன்று இருந்தது. படியிலேயே ஏறினேன். தலையில் இரண்டு பெட்டியோடு என்னைத் தாண்டிப் போன ஒரு போர்ட்டர், அவற்றை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் பாதிப் படியில் இருந்தேன். இந்தியில் ஏதோ கேட்டார். ‘பிடித்துக்கொள்ளட்டுமா?’ என்றுதான் இருக்கும். வேண்டாம் என்று தலையாட்டினேன், கொஞ்சம் முறைப்பாகவே.

என் நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். நரம்பின் மேலிருக்கும் உறை அங்கங்கே கெட்டுப்போகிறது. ஒயரின் மேல் ரப்பர் உரிந்தால் லைட் விட்டுவிட்டு எரியும் இல்லையா, அதுபோலத்தான் என்றார் டாக்டர். இடது கால் இழுக்கும். சில நாள் எதிரே வருகிறவர் இரண்டு பேராகத் தெரிவார். வெயிலில் நின்றால் எல்லாம் பல மடங்காகும், நாக்குகூடக் குழறும். நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஓரளவு தெளியும். இது என் மனைவி கலாவுக்கும் எங்கள் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரியும். அவர் என்னை மைதானத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. மாணவர்களிடம், சாருக்கு மூட்டு வலி என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

புனேவுக்குப் போனது என் தங்கை மலரின் மகள் திவ்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு. எங்கள் பக்கத்தில் நிச்சயத் தட்டைச் சுமந்துகொண்டு போய் மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்க வேண்டியவன் தாய்மாமன். பெற்ற அப்பனே கூட்டத்தில் இருந்தாலும் அவர் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். கலாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை, வர முடியவில்லை. ரயிலேற்றிவிடும்போது, “போனதும் மலர்கிட்ட விஷயத்தச் சொல்லிருங்க. பைக்குள்ள மடக்குக் கம்பு வச்சிருக்கேன்” என்றாள். சரி என்றேன். கம்பு ஐந்து நாளும் பைக்குள்ளேயே இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் மலரின் கணவர் சுந்தரம் காத்திருந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், நின்றாலே அட்டென்ஷன்தான். “என்ன மச்சான், வண்டி வந்து அரை மணி நேரமாச்சு!” என்றார். “தூங்கிட்டேன் மாப்ள” என்றேன். புனேயில் நான் சொன்ன முதல் பொய் அது.

வானவடியில் அவர்களுடைய வீடு மூன்றாவது மாடியில். நல்லவேளையாக அங்கே லிஃப்டை எல்லோரும் பயன்படுத்தினார்கள். மலர் இட்லியும் சாம்பாரும் வைத்தாள். சாம்பார் இனித்தது. இருபத்தைந்து வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பவள், அவளுக்கே தெரியாமல் வெல்லம் போட ஆரம்பித்துவிட்டாள். நான் காலை இழுப்பதைப் பார்த்து, “என்னண்ணே காலு?” என்றாள்.

“கிரவுண்டுல சுளுக்கிருச்சு.”

“இந்த வயசுலயும் பிள்ளைகளோட ஓடிக்கிட்டுத் திரியிறியா?” அவளுக்குக் கோபம் இல்லை, பெருமைதான். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாவைக் கூப்பிட்டு, என் அண்ணன் தினமும் விடிகாலையில் மலைக்கோட்டைக்கு ஓடியே ஏறி இறங்குகிறவன் என்று இந்தியில் அறிமுகப்படுத்தினாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விருந்தாளிகளுக்குக் கொடுக்க இனிப்புப் பெட்டிகளைப் பழைய ஊருக்குள் ஒரு கடையில் சொல்லிவைத்திருந்தார்கள். போய் எடுத்துவர வேண்டும். சுந்தரம் சமையல்காரரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நான் போறேன் மாப்ள” என்று நானாகவே முன்வந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம்.

ரிக்‌ஷாவில் போய் இறங்கியபோது மணி ஒன்று பத்து. கடை சாத்தியிருந்தது. இந்த ஊரின் பழைய கடைக்காரர்கள் மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்களாம். சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், வியாபாரம் எங்கேயும் ஓடிப்போகாது. திண்டுக்கல்லில் ஒரு கடைக்காரர் இப்படிச் செய்தால் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று வீட்டுக்கு ஆள் வந்துவிடும். சுந்தரத்துக்கு இது தெரியும். வெளியூர்க்காரனான எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பப் பிடிக்காமல் அங்கேயே நின்றேன். ஒரு டீக்கடையில் டீ குடித்தேன். சின்ன டம்ளர், ஏலக்காய் வாசனை, நம் ஊர் டீயில் பாதி அளவு, இரண்டு மடங்கு சர்க்கரை. அங்கே உட்கார இடமில்லை. பக்கத்தில் நின்ற இருவர் மராட்டியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைத்தான் என்று தோன்றியது. இப்போதெல்லாம் யார் சிரித்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நிழல் சுவரோடு சுவராகச் சுருங்கிப் போனது. இரண்டரை மணிக்கு என் இடது கால் என்னுடையதாக இல்லை.

ரிக்‌ஷாவை நிறுத்தினேன். கம்பியைப் பிடித்து ஏறப்போய் சறுக்கி, டிரைவரின் தோளில் விழுந்தேன். ‘வானவடி’ என்று சொன்னதே குழறியது. அவர் இந்தியில் பேசியது பாதி புரிந்தது, மீதியைக் கையால் காட்டினார்: வண்டியில் வாந்தி எடுத்தால் கழுவுவது நான் இல்லை, நீதான். ஒருவழியாக அழைத்துவந்து வாசலில் விட்டார். இறங்கியவன் கேட்டைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். மாடிக்குப் போன் பண்ணி, “உங்கள் விருந்தாளி நிறையப் போட்டிருக்கிறார்” என்று சொன்னார். அதைப் புரிந்துகொள்ள இந்தி தேவைப்படவில்லை.

சுந்தரம் கீழே வந்தார். அவருக்கும் வாட்ச்மேன் சொன்னதே போதுமானதாக இருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபடி, காதோடு காதாக, “என்ன மச்சான், பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றார். குரலில் திட்டு இல்லை, ஒரு சிரிப்பு இருந்தது.

அந்த இடத்தில் நான் ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். “கொஞ்சம்தான் மாப்ள” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. குடிகாரன் நாளைக்குத் தெளிந்துவிடுவான். குடிகாரனை நாலு பேர் திட்டுவார்கள், சிரிப்பார்கள், பாவம் என்று சொல்ல மாட்டார்கள். என் கால் போய்விட்டது என்று தெரிவதைவிட நான் குடித்திருக்கிறேன் என்று தெரிவது எனக்குக் கௌரவமாகப் பட்டது. சுந்தரமும் அன்றைக்கு என்னிடம் என்றுமில்லாத பிரியத்தோடு நடந்துகொண்டார்.

மலர் அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். ‘ஊரைவிட்டு எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி, குடிக்காதவனாகப் பாரு’ என்று என்னிடம் கேட்டுத்தான் அவள் இங்கே வாழ்க்கைப்பட்டாள். சுந்தரம் எப்போதாவது மிலிட்டரி ரம் குடிப்பார் என்பதையே அவள் பத்து வருடம் கழித்துத்தான் மன்னித்தாள். அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். நான் ஃபேனுக்குக் கீழே ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கலா போன் பண்ணி, “சொல்லிட்டீங்களா?” என்றாள். “சொல்லிட்டேன்” என்றேன்.

சனிக்கிழமை காலை திவ்யா, “மாமா, வாங்க, மிசல் சாப்பிடலாம்” என்று என்னை வெளியே கூட்டிப் போனாள். ஹடப்சரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தடவிப் பார்த்து எடுப்பாள். மிசல் என்பது முளைகட்டிய பயறுக் குழம்பின் மேல் மிக்சரைக் கொட்டி, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கவிட்டு, பன்னோடு கொடுப்பது. திண்டுக்கல் பிரியாணி சாப்பிட்ட எனக்கே காது அடைத்தது. அவள் என் தட்டில் தயிரை ஊற்றினாள்.

“மாமா, நான் ஒண்ணு கேக்கணும். கோவம் வரக் கூடாது.”

“கேளு.”

“நாளைக்கு மட்டும் குடிக்க வேணாம். ப்ளீஸ். அருணோட அப்பாவுக்குக் குடிக்கிறவங்க சுத்தமா ஆகாது. அவரோட அண்ணா குடிச்சு குடிச்சு செத்துப் போய்ட்டாரு. முதல்லயே அப்பாகிட்ட சொன்னாரு, குடிக்கிற வீடுன்னா வேணாம்னு. எனக்கு அருணைப் பிடிச்சிருக்கு மாமா.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. எதிரே உட்கார்ந்திருப்பவள் லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நான் தூக்கித் திரிந்த பிள்ளை. சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் சொன்னால் அவள் என் காலைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“சத்தியமா குடிக்க மாட்டேன்” என்றேன். அவள் கையை நீட்டினாள். அடித்துச் சத்தியம் செய்தேன். குடிக்காமல் இருப்பது எனக்குச் சுலபம், நான் வாழ்நாளில் தொட்டதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு விழாமல் நடப்பேன் என்பதற்குத்தான் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அது தெரிந்தே கையில் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருப்பின் பொது ஹாலில் நிச்சயம். சுந்தரம் காலையிலேயே ரம் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “மச்சான், தப்பா நெனைக்காதீங்க” என்றார். நான் ஐஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். கர்ச்சீப்பை நனைத்துப் பிடரியில் வைத்துக்கொண்டேன். ஏப்ரல் மாதம், பதினோரு மணி, ஐம்பது பேர், தகரக் கூரை, மூன்று ஃபேன்.

மாப்பிள்ளையின் அப்பா முருகேசன் தேனிக்காரர். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அளந்து பேசுகிற மனிதர். அவருக்கு முன்னால் நான் தட்டை வைக்க வேண்டும். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி. இருபது அடி தூரம்.

பதினைந்து அடி நன்றாகத்தான் போனேன். ஜமக்காளத்தின் மடிப்பில் இடது கால் மாட்டியது. நான் முழங்காலில் விழுந்தேன், தட்டு முன்னால் போய் விழுந்தது. தேங்காய் உருண்டு முருகேசனின் காலில் முட்டி நின்றது. வேட்டி முழுக்க மஞ்சள். கூட்டத்தில் ஒரு பெண் “ஐயையோ” என்றார்.

முருகேசன் என்னைப் பார்க்கவில்லை, சுந்தரத்தைப் பார்த்தார். “மொத நாளே சொன்னேன்ல சுபேதார் சார்? குடிக்கிற வீடு எனக்கு ஆகாதுன்னு. தாய்மாமன் தட்டையே போதையிலதான் தூக்குவாரா?”

“சம்பந்தி, இன்னைக்கி இல்லைங்க. முந்தாநாள் ஏதோ கொஞ்சம்...” என்று ஆரம்பித்த சுந்தரத்துக்கு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று பாதியில்தான் உறைத்தது. முருகேசன் எழுந்துவிட்டார். அவர் பக்கத்து ஆட்களும் எழுந்தார்கள்.

திவ்யா மணையில் உட்கார்ந்திருந்தாள். “மாமா, சத்தியம் பண்ணீங்களே” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

“நான் குடிக்கலை” என்றேன். யாரும் நம்பவில்லை. நம்பாதபடி இரண்டு நாளாக வேலை செய்தவன் நான்தானே. தரையில் உட்கார்ந்தபடியே, வாய் குழறக் குழறச் சொன்னேன்: “எனக்கு நரம்பு வியாதி. மூணு வருஷமா இருக்கு. நடந்தா இப்படித்தான். வெள்ளிக்கிழமையும் இதுதான். குடிச்சேன்னு சொன்னது பொய்.”

முருகேசனின் அக்கா ஒருவர் இருந்தார். “நரம்பு வியாதின்னா, பரம்பரையா வர்றதா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு மலரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

“கட்டாயம் வரும்னு டாக்டர் சொல்லலைம்மா. வரவே வராதுன்னும் சொல்லலை.”

அவர்கள் ஹாலின் மூலைக்குப் போய்ப் பேசினார்கள். அருண் கையை ஆட்டி ஆட்டி அப்பாவிடம் என்னவோ சொன்னான். பத்து நிமிடம் இருக்கும். பிறகு முருகேசன் வந்து எனக்கு முன்னால் குனிந்து, சிதறிக் கிடந்த வெற்றிலையைத் தானே பொறுக்கித் தட்டில் வைத்தார். “குடின்னா போயிருப்பேன். வியாதிக்கு யாரு என்னங்க பண்ண முடியும்? ஒரு சேர் போடுங்கப்பா. தாய்மாமன் உக்காந்துகிட்டே குடுக்கட்டும், நாங்க வந்து வாங்கிக்கிறோம்.”

நாற்காலி வந்தது. உட்கார்ந்து கொடுத்தேன். மூன்று வருடமாக எந்த நாற்காலிக்குப் பயந்தேனோ அதில் ஐம்பது பேருக்கு முன்னால் உட்கார்ந்தாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. நிச்சயம் முடிந்தது, சாப்பாடு நடந்தது. திவ்யா என் பக்கம் வரவில்லை.

மலர் வந்தாள், பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு. “குடிகாரன்னு சொன்னப்ப ஒரு வார்த்தை மறுக்கலையேண்ணே. நீயும் அப்பா மாதிரி ஆயிட்டேன்னு ரெண்டு நாளா செத்துக்கிட்டிருந்தேன்.”

“சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு...”

“எனக்குக் கஷ்டம்னா சொல்லாம விட்ட? உனக்கு வெக்கம். அதச் சொல்லு.”

ஆமாம் என்றேன். அவள் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை எனக்கு ரயில். ஸ்டேஷனில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியில் என்னை உட்காரவைத்து, திவ்யா தள்ளினாள். முந்தின நாள் முழுக்கப் பேசாதவள், காலையில் தானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். சரிவுப் பாதை நீளமாக இருந்தது, தூசியும் கூட்டமும். பிளாட்பாரத்துக்கு வந்ததும், “ஒரு நிமிஷம் மாமா” என்று எங்கோ போய்விட்டாள். சுந்தரம் கோச் எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போயிருந்தார்.

“எங்க போனா?” என்று மலரிடம் கேட்டேன்.

“அந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கிறா. பம்ப் எடுக்கிறா.”

“என்ன பம்ப்?”

“வீசிங்குக்கு. ஏழு வயசுலருந்து இருக்குண்ணே.”

“எனக்குத் தெரியாதே.”

“ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பாத்ரூமுக்குள்ள போயித்தான் எடுப்பா. இப்பயும் ஒன் முன்னாடி மட்டும் எடுக்க மாட்டா.”

“மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?”

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவளே சொல்லிட்டா. பம்பைக் கையில எடுத்துக் காட்டுனா.”

ஒரு மே மாதம் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளி மைதானத்தில் விடுமுறைப் பயிற்சி. மூன்றாவது சுற்றில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், வாயால் மூச்சு இழுத்தபடி. ‘நடிக்காத, ஓடு’ என்று விசில் ஊதினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஓடினாள். புனேப் பிள்ளையை ஒரே மாதத்தில் திடமாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு மலரிடம் போனில் பெருமை அடித்தேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து அவள் துப்பட்டாவின் ஓரம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் இளைப்பு அடங்கவில்லை, தோள் ஏறி இறங்கியது. பக்கத்து பெஞ்சில் இடம் இருந்தது.

“கொஞ்சம் உக்காரும்மா” என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து நின்றாள். “எனக்கு ஒண்ணும் இல்ல மாமா” என்றாள். “நான் நல்லாத்தான் இருக்கேன்.”